சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நேர் விமானம்

என் தங்கையை அவள் கணவன் அடித்த சத்தத்தை நான் முதல்முதலாகக் கேட்டது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது. காலை ஒன்பது மணி இருக்கும். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஏறி அல்சூரில் இறங்குவேன். அங்கே ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் விமான டிக்கெட் போடுவது என் வேலை. சான் பிரான்சிஸ்கோவில் அப்போது முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். "சாம்பார் வெச்சேன்க்கா, இங்க முருங்கைக்காய்கூட கிடைக்குது" என்று அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் அவன் ஏதோ கேட்டான். "ஒரு நிமிஷம்" என்றாள் அவள். அடுத்து ஒரு சத்தம், பலகையைத் தரையில் போட்டதுபோலத் தட்டையாக. அதற்குப் பிறகு அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நான் பஸ்ஸில் "ஏய், ஏய்" என்று கத்தியிருக்கிறேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் மெஷினோடு அருகில் வந்து "ஏனாய்த்தம்மா?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது.  அல்சூரில் இறங்குவதற்குள் தங்கையே திரும்பக் கூப்பிட்டுவிட்டாள். "பாத்திரம் கீழ விழுந்துடிச்சுக்கா" என்றாள். குரல் மூக்கிலிருந்து வந்தது.

என் தொழிலில் தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம், எத்தனை இடத்தில் இறங்கி ஏறணும் என்றுதான் கேட்பார்கள். பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஏறக்குறைய பதினாலாயிரம் கிலோமீட்டர். நேர் விமானத்தில் பதினேழு மணி நேரம், காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். வழியில் இறங்கி ஏறுகிற விமானமென்றால் ஒரு நாள், ஒன்றரை நாள், அதற்கு மேலும் ஆகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த அடியின் சத்தம் என் காதுக்கு வந்து சேர ஒரு நொடி ஆகவில்லை. அவளிடம் போய் நிற்க என்னால் ஒரு நாளில்கூட முடியாது. விசாவே இல்லையே.

அவளுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட முடிந்திருக்கவில்லை. பெண் கேட்டு வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா எங்கள் முன்னறை சோபாவில் உட்கார்ந்து சொன்னது இந்த விமானத்தைப் பற்றித்தான். "இப்ப நேர் ஃபிளைட் விட்டுட்டாங்க மேடம். இங்க சாப்ட்டு ஏறினா அங்க எறங்கி டிபன் சாப்டலாம். உங்க பொண்ணு மெட்ராஸ்ல இருக்கிற மாதிரி நெனச்சிக்கோங்க." அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. அப்பா இறந்த பிறகு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து எங்கள் இருவரையும் வளர்த்தவள். நான் கல்யாணமே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மிச்சமிருந்த ஒரு கல்யாணம் அது. மாதா கோவிலில் பூசை முடிந்து விருந்து நடந்தபோது மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலிகளைத் தூக்கிப் போட்டான். "எவ்ளோ நல்ல பையன் பாரு" என்று அம்மா எங்கள் தெரு முழுக்கச் சொன்னாள்.

பாத்திரம் விழுகிற கதை நான்கைந்து மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் வீடியோவில் தங்கையின் உதடு வீங்கியிருந்ததை அம்மாவே பார்த்துவிட்டாள். தங்கை அழுதாள். சாப்பாட்டில் உப்பு, போனில் யார், ஏன் சிரித்தாய், எல்லாவற்றுக்கும் அடி என்றாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "வெளிநாட்டு வேலை, டென்ஷன் இருக்கும்டி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. ஒரு கொழந்த பொறந்தா அடங்கிடுவாரு. வார்டுல நான் பாக்காத அடியா? முதுகெல்லாம் தடிச்சுப் போய் வருவாளுங்க. புள்ளையத் தூக்கிக்கினு அதே புருஷனோடதான போவாளுங்க?"

அன்றைக்கு அம்மாவோடு நான் சண்டை போட்டேன். தட்டைத் தூக்கி எறிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தங்கை அதன்பின் அம்மாவிடம் சொல்வதை நிறுத்தினாள், அவ்வளவுதான். போலீசைக் கூப்பிடு என்று நான் சொன்னால் பயந்துபோவாள். போலீஸ் வந்தால் என் வேலை போகும், நம் இருவரையும் நாட்டைவிட்டுத் துரத்துவார்கள், இந்தியாவுக்கு வந்து உன் அம்மாவையும் அக்காவையும் தெருவில் நிறுத்துவேன் என்று அவன் சொல்லிவைத்திருந்தான். அவளுடைய விசா அவன் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் தினம் சொல்லிக் காட்டுவான்.

ஒரு சனிக்கிழமை அவன் கை அவள் காதில் விழுந்தது. தலையணையில் ரத்தம். டாக்டரிடம் அவனேதான் கூட்டிப்போனான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் அவனே பதில் சொன்னான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தானாம். இதை என்னிடம் சொன்னபோது தங்கை அழவில்லை. "அந்தத் தடவுறதுதான்க்கா எனக்குப் பயமா இருந்திச்சு" என்றாள். பிறகு, "எனக்கு டிக்கெட் போடு. இனி இங்க இருந்தா செத்துடுவேன்" என்றாள்.

நேர் விமானம் அங்கிருந்து காலையில் கிளம்பும். அந்த நேரத்தில் அவன் வீட்டிலிருப்பான். அவள் வாசலைத் தாண்ட முடியாது. அவன் ஆபீஸுக்குப் போன பிறகு கிளம்பும் விமானங்களில் அடுத்த திங்கட்கிழமைக்கு இடம் இருந்தது ஒன்றில்தான். சிங்கப்பூரில் இறங்கி, அங்கே ராத்திரி முழுவதும் காத்திருந்து, அடுத்த மதியம் பெங்களூர் விமானம் ஏற வேண்டும். மொத்தம் நாற்பது மணி நேரம். திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகவே இருந்தது. அவன் தேடினால் பக்கத்திலுள்ள ஊர்களில் தேடுவான், அவள் தோழிகளிடம் தேடுவான், அதற்குள் அவள் பாதி உலகத்தைத் தாண்டியிருப்பாள் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சமாதானம் பேசுகிறேன் என்று அவனுக்குத்தான் முதலில் போன் போட்டிருப்பாள்.

திங்கட்கிழமை அவன் போனதும் அவள் ஒரு பெட்டியோடு டாக்ஸி ஏறினாள். விமானத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டதை போட்டோ எடுத்து அனுப்பினாள். மடியும் பெல்ட்டும் மட்டும் தெரிந்தன. முகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை என் போன் அடித்தது. அவன்.

"எங்கக்கா அவ?" என்றான். குரல் அமைதியாகத்தான் இருந்தது.

"உங்க வீட்ல இருக்கிறவ எங்கன்னு என்னைக் கேட்டா?"

"நடிக்காதீங்க. நீங்கதான டிக்கெட் போட்டீங்க. உங்க வேலையே அதான."

நான் போனை வைத்தேன். திரும்ப வந்தது. அன்று பகல் முழுவதும் வந்துகொண்டே இருந்தது. மதியத்துக்குள் அக்கா போய், நீ போய், "நாயே" வந்துவிட்டது. அவளை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்து அவள் காலை ஒடிப்பேன், நீ தினமும் ஏறுகிற பஸ் எனக்குத் தெரியும், உன் அம்மாவின் கழுத்து எவ்வளவு சின்னது தெரியுமா என்றெல்லாம் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினான். ஆபீஸ் பாத்ரூமில் நின்று அவற்றைக் கேட்டேன்.  ஒன்றையும் அழிக்கவில்லை.

அன்று மாலை அவன் போன் அடங்கியது. ஒரு மெசேஜ்கூட இல்லை. கத்திக் கத்திக் களைத்துத் தூங்கிவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு மனிதனின் போன் பல மணி நேரம் ஒரேயடியாகச் செத்துக் கிடந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

புதன்கிழமை தங்கையின் விமானம் நாலரை மணிக்கு. ஹெப்பாள் டிராஃபிக்கை நம்ப முடியாது என்று நான் சீக்கிரமே கிளம்பி மூன்று மணிக்கு முன்பே ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தேன். வெளியே வருகிறவர்களுக்காகக் கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். பக்கத்தில் ஒரு குடும்பம் மாலையோடு நின்றது. தலைக்கு மேல் பலகையில் விமானங்களின் வரிசை ஓடியது. சிங்கப்பூர் இன்னும் வரவில்லை. அதற்கு மேலே நான்காவது வரியில், சான் பிரான்சிஸ்கோ, தரையிறங்கியது.

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது. அவள் கிளம்பி வெகுநேரத்துக்குப் பிறகு கிளம்பினாலும் அவன் முன்னால் வரலாம். நேர் விமானம் என்றால் அதுதானே. இதே கணக்கைக் காட்டித்தானே தினமும் நான் டிக்கெட் விற்கிறேன்.

கதவு திறந்தது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு நடுவே அவன் வந்தான். தோளில் ஒரு பை, வேறு சாமான் இல்லை. மூன்று நாள் தாடி. கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே நடந்தான். நான் காபிக் கடைத் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அவன் தூணுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று போனை எடுத்து ஆன் செய்தான். உடனே என் கையிலிருந்த போன் அதிர ஆரம்பித்தது. அவன் பெயர். நான் இரண்டு கையாலும் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். அவன் என்னிடமிருந்து நாலு அடி தூரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் சட்டையின் வியர்வை நாற்றம்கூட எனக்கு வந்தது. ஒருமுறை திரும்பியிருந்தால் போதும். திரும்பவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு டாக்ஸி வரிசைக்குப் போனான்.

அவள் தனக்கு முன்பே வந்து வீட்டில் ஒளிந்திருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். டாக்ஸி அவனை ஏற்றிக்கொண்டு போனது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். வீட்டில் அம்மா தனியாக. தங்கை வங்காள விரிகுடாவுக்கு மேலே எங்கோ இருக்கிறாள். நான் வீட்டுக்கு ஓடினால் அவள் வெளியே வந்து தனியாக நிற்பாள், என்னைக் காணாமல் நேராக வீட்டுக்குத்தான் போவாள். நான் நின்றால் அம்மா. அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மாப்ளயா? வந்துகினு இருக்காரா? சொல்லவேயில்லையே" என்றாள் அம்மா. "வீட்ல கறிகூட இல்லடி."

"அம்மா, கதவைத் தாழ் போடு. அவன் தட்டினா தெறக்காத" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். தலையணை ரத்தம், டாக்டர், டிக்கெட், போன் மிரட்டல். "காது ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா. உன்கிட்ட மட்டும் மறைச்சிட்டா."

 "எந்தக் காது?" என்றாள் அம்மா.

"இடது."

"வலது கையால அறைஞ்சிருக்கான்" என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசுகிற குரல் அது. நான் அந்தக் குரலை வருடக்கணக்கில் கேட்டிருக்கவில்லை.

"நீ பேச்சுக் குடுக்காத. நான் எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிடறேன்" என்றேன்.

எதிர்வீட்டு அண்ணன் ஒருகாலத்தில் ஒரு ஃபாக்டரி ஃபுட்பால் டீமுக்கு கோல்கீப்பராக இருந்தவர். இப்போது எங்கள் பக்கத்து மைதானத்தில் சாயங்காலமானால் டீமைச் சேர்த்து ஆடவைப்பார். ஆள் கதவு நிறைய இருப்பார். அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பையில் போட்டுவிட்டு மைதானத்தில் இறங்கியிருப்பார். ஐந்தாறு முறை கூப்பிட்டேன். தெருவில் வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை. போலீஸுக்கு நூறுக்குப் போட்டால் எந்த ஸ்டேஷன், என்ன நடந்தது என்று கேட்டார்கள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்ல, ஆள் வந்தால் கூப்பிடுங்கம்மா என்றார்கள்.

நாலேகாலுக்கு அம்மாவே கூப்பிட்டாள். "டாக்ஸி வந்து நிக்கிது. போனைக் கட் பண்ணாம பாக்கெட்ல போட்டுக்கறேன், நீ கேட்டுக்கினு இரு" என்றாள். நைட்டிப் பாக்கெட்டில் துணி உரசும் சத்தம். கதவு தட்டும் சத்தம். "அத்தை, நான்தான்." தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

ஏன் திறந்தாய் என்று பிற்பாடு நான் கேட்டேன். "என் வீட்டுக் கதவை எவனுக்குப் பயந்துடி நான் சாத்தணும்?" என்றாள்.

"உக்காருங்க மாப்ள" என்று அம்மா சொல்வது கேட்டது. அவன் உட்காரவில்லை. அறை அறையாகப் போனான். பீரோ கதவு, கட்டிலுக்கடியிலிருந்த டிரங்குப் பெட்டி, பாத்ரூம் வாளி, எல்லாவற்றையும் திறந்து தள்ளுகிற சத்தம் கேட்டது.

"எங்க வெச்சிருக்க அவளை?"

"அவ இங்க வரல."

"பொய் சொல்லாத கெழவி."

"என் பொண்ணு காதை ஏன்டா கிழிச்ச?"

அடுத்த சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். அதற்கு மேல் அம்மாவின் குரல். அந்தக் குரலை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அவள் கையை முறுக்கினான் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் "விடுறா, விடுறா, கை போச்சு" மட்டும்தான். என்னைச் சுற்றி ஜனங்கள் மாலை போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். பலகையில் சிங்கப்பூர் விமானம் தரையிறங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து இன்னொரு கால் வந்தது. எதிர்வீட்டு அண்ணன். அவரிடம் பேச வேண்டுமென்றால் அம்மாவின் சத்தத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினேன்.

"அண்ணா, எங்க வீட்டுக்கு ஓடுங்க. தங்கச்சி புருஷன் அம்மாவைக் கொல்றான்."

 "வாங்கடா எல்லாரும்!" என்று அவர் யாரிடமோ கத்துவது மட்டும் கேட்டது. மறுபடி அம்மாவின் பக்கம் வந்தபோது அங்கே லைன் இல்லை.

மிச்சத்தை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். வலது கை செயலற்றுப் போனதும் இடது கையால் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பால் குண்டானை எடுத்து அவன் முகத்தில் வீசியிருக்கிறாள். அவன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்து, எழுந்து, அவள் வயிற்றில் உதைத்திருக்கிறான். இரண்டாவது முறை காலைத் தூக்கியபோது வாசலில் ஆள் நிறைந்துவிட்டார்கள். ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பூட்ஸோடு ஓடிவந்திருந்தார்கள்.

ஏர்போர்ட்டில் தங்கை வெளியே வந்தாள். சிரித்துக்கொண்டு வந்தாள். காதில் பஞ்சு, கையில் ஒரே பெட்டி, கன்ன எலும்பு தெரியும்படி இளைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நான் வலது பக்கம் நின்று சொன்னேன்.

"எனக்கு முன்னாடி எப்படிக்கா வந்தான்?" என்றாள்.

"நேர் ஃபிளைட்டுல."

டாக்ஸியில் ஏறியதும் கோரமங்களாவில் என் தோழி வீட்டில் அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போகிறேன் என்றேன். "அம்மா அங்க இருக்காங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன.    நடுவில் அண்ணன் போன் செய்து "ஆன்ட்டி உயிரோட இருக்காங்க, வாங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாங்கள் போனபோது வெளிச்சம் இருந்தது. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டம். நடுவில் அவன் கிடந்தான். எழுந்து ஓடப் பார்த்தபோதெல்லாம் மறுபடி அடி விழுந்ததாம். பால் பட்ட பாதி முகம் சிவந்து உப்பியிருந்தது. மறுபாதியில் மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தெரியவில்லை. சட்டை முழுக்க பூட்ஸ் ஆணி குத்திய மண் வட்டங்கள். யாரோ அவன் கையைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அண்ணன் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அதில் ரத்தம். வெளியே வந்து நின்ற பெண்கள் "இன்னும் போடு, பெத்தவளை ஒதைக்கிற கால ஒடி" என்றார்கள். ஒவ்வொரு உதைக்கும் அவனிடமிருந்து காற்று வெளியேறுகிற மாதிரி ஒரு முனகல் வந்தது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவனை அடித்தேன். செருப்பால் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. ஒவ்வொரு அடியிலும் உடம்பு லேசானது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. இன்றைக்கும் இல்லை.

தங்கை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவள் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினான். அவள் இரண்டு அடி பின்னால் போனாள். அந்த நிலையில் கிடக்கும்போதும் அவனுக்குப் பயந்தாள். அதைப் பார்த்த அண்ணன் மறுபடி காலைத் தூக்கினார்.

"போதும்ணா" என்றாள் தங்கை. "செத்துடுவான். இவன் செத்தா நீங்க ஜெயிலுக்குப் போணும். இவனுக்காக யாரும் போவ வேணாம்."

அதற்குப் பிறகு அவனைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். அம்மா பால் சிந்திய தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டவர்களிடம், பொண்ணு வராம எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். வலது மணிக்கட்டு திசை மாறித் தொங்கியது. அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தங்கையின் தலையை இடது கையால் பிடித்து இழுத்து, காதிலிருந்த பஞ்சை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"சீழ் இல்ல" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொன்னேனேடி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தங்கை அந்தப் பஞ்சை வாங்கி மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். மன்னித்தாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி நாற்காலியில் சாய்ந்தபடி, "கண்ட ஹெண்ட்தி ஜகள. மனேல்லே மாத்தாட்கொள்ளி" என்றார். புருஷன் பெண்டாட்டி சண்டை, வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று.

தங்கை சின்ன வயதிலிருந்தே கன்னடம் நன்றாகப் பேசுவாள். மேஜைமேல் கையை ஊன்றி, "இது ஜகள அல்ல சார்" என்றாள். என் போனை வாங்கி அவனுடைய வாய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். அம்மாவின் கழுத்தைப் பற்றிச் சொன்னது வந்தபோது பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த பெண் எஸ்ஐ நிமிர்ந்தார். எழுந்து வந்து தங்கையின் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வழக்குப் பதிவானது. அவன் பாஸ்போர்ட்டை வாங்கிவைத்தார்கள்.

ஆனால் அவனும் சும்மா இருக்கவில்லை. மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே புகார் கொடுத்தான். எதிர்வீட்டு அண்ணன் மேலும் டீமில் நான்கு பேர் மேலும் கொலை முயற்சி என்று. அண்ணன் பத்து நாளுக்குமேல் உள்ளே இருந்தார். அந்த நால்வரில் ஒருவருக்கு அரசாங்க வேலை கையெழுத்தாகும் நேரம். அது நின்றுபோனது. அவருடைய அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "உங்க வீட்டு சண்டைக்கு எம்புள்ளயா கெடச்சான்?" நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தோம். கடைசியில் அவனுடைய வக்கீல்தான் வந்தார். நீங்கள் உங்கள் புகாரை விட்டுவிடுங்கள், நாங்கள் பையன்கள் மேலுள்ளதை விட்டுவிடுகிறோம், இரு தரப்பும் சம்மதித்து விவாகரத்து என்றார். தங்கை ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். அவனைக் கூண்டில் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. எனக்கும்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் செய்தி கேட்டு வந்து வாசலிலேயே நின்று கத்தினார். "எங்களுக்காகவா விட்ட? நாங்க கேட்டமா? உள்ள இருந்துட்டு வந்திருப்போம்ல?"

"அந்த அம்மா கேட்டாங்கணா" என்றாள் தங்கை.

பாஸ்போர்ட் கையில் கிடைத்த வாரமே அவன் போய்விட்டான். எந்த விமானத்தில் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்னால் முடியும், ஆனாலும் விசாரிக்கவில்லை. அந்த ஊருக்கு டிக்கெட் கேட்டு வருகிறவர்களைப் பக்கத்து மேஜைக்கு அனுப்பிவிடுகிறேன். முதலாளி ஏன் என்று கேட்டதில்லை.

தங்கை இப்போது ஈஜிபுராவில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். இடது காது ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் கேட்கிறது. வகுப்பில் யாராவது டெஸ்க்கைத் தட்டினால் இன்னும் தோள் தூக்கிப்போடும் என்கிறாள். அம்மாவின் மணிக்கட்டு நேராகவே இல்லை. தோசை திருப்ப இடது கையைப் பழக்கிக்கொண்டாள்.

போன மாதம் எங்கள் மாடிக்குப் புதிதாக ஒரு தம்பதி குடிவந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மேலே ஏதோ உடைந்தது. பெண் குரல் உயர்ந்து பாதியில் நின்றது. தங்கையின் கையில் சோறு அப்படியே நின்றது. அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மாடிப்படியில் ஏறி இடது கையால் கதவைத் தட்டினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"யாரு?" என்று உள்ளிருந்து ஆண் குரல்.

"கீழ் வீடு. கதவைத் தெற."

திறக்கவில்லை. "எங்க வீட்டு விஷயம், போங்க" என்றான். அம்மா இன்னும் பலமாகத் தட்டினாள். அவன் கெட்ட வார்த்தை சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே கதவுக்கு அருகில் வந்து, திறக்காமலே, மூக்கடைத்த குரலில் சொன்னாள்: "ஒண்ணுமில்ல ஆன்ட்டி. பாத்திரம் விழுந்திச்சு. நீங்க போங்க."

தங்கை அம்மாவின் தோளைத் தொட்டு, "வாம்மா, போலாம்" என்றாள். அம்மா அசையவில்லை. நைட்டியை ஒதுக்கிக்கொண்டு அவர்கள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எங்கயும் போவல" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "இங்கதான் உக்காந்துகினு இருக்கேன். உனக்கு எப்ப வேணுமோ அப்ப தெற."

தங்கை கீழே போய் அம்மாவின் தட்டை எடுத்துவந்தாள். நாங்கள் மூவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தோம்.